படிக்கட்டு விளக்குக்கு யார் பொறுப்பு?

“உங்க கொழும்புல வீட்டு விஷயத்துக்கு யார் சார் பதில் சொல்றாங்க? எல்லாமே அத்தாரிட்டிதானே! இங்க அப்படியில்ல. சுவர்ல காரை உதிர்ந்தாக்கூட மந்திரி சட்டசபையில எழுந்து பதில் சொல்லியாகணும்.”

சென்னையில் உறவினர் வீட்டுக் கல்யாணமொன்றில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த நேரத்தில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். வாழ்நாள் முழுவதும் அரச கட்டடங்களோடு மல்லுக்கட்டிய மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் ‘உங்க கொழும்புல’ என்று அவர் தொடங்கிய தொனி என்னைச் சுட்டது. கொழும்பு வடக்கில் ஒரு தொடர்மாடியில் பிறந்து, அதே தொடர்மாடியில் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கியவன் நான். எங்களுக்குக் கேட்க ஆளில்லை என்று வெளியூரில் ஒருவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு வர முடியாது. அன்று சபை நாகரிகம் கருதி அதிகம் பேசவில்லை. பேசாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடிக்கு லிப்ட் கிடையாது. நான்கு தட்டு, ஒரு படிக்கட்டுக்கு எட்டு வீடு. வீட்டுக்குள்ளே உடைவது எங்கள் பாடு. படிக்கட்டு, மொட்டைமாடி, சுவரோடு இறங்கும் குழாய்கள் எல்லாம் அதிகார சபையின் பாடு. கட்டடத்துக்கு வெளியே உள்ள கான் மாநகர சபையின் பாடு. குழாய் எந்த இடத்தில் கட்டடத்தை விட்டுக் கானுக்குள் இறங்குகிறதோ, அந்த இடம் இரண்டு நிறுவனங்களின் எல்லை. அடைப்பு எப்போதும் அங்கேதான் வரும். அப்படி வரும்போது என் தகப்பனார் காலத்திலிருந்தே நாங்கள் முதலில் போவது எம்எம்சி வீட்டுக்கு. மாநகர சபை உறுப்பினரைக் கொழும்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் எம்எம்சி என்றுதான் சொல்வோம். அவர் சாரத்தோடு வந்து நின்று பார்ப்பார். எங்கள் கீழ்வீட்டு நானா அவரை உரிமையோடு ஏசுவார். அதிகார சபையின் ஆள் வந்து சேருவதற்கு முன்பே மாநகர சபையின் கலி பவுசர் வந்து உறிஞ்சிவிட்டுப் போயிருக்கும். சட்டப்படி அந்தக் குழாய் எம்எம்சியுடையது அல்ல. ஆனால் வராவிட்டால் அடுத்த தேர்தலில் எங்கள் படிக்கட்டில் கால்வைக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அரசியல் பொறுப்பு என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். அமைச்சர் சபையில் எழுந்து நிற்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்காம் தட்டில் இருக்கும் ஒரு கிழவி இருட்டில் படி தவறி விழாமல் இருப்பதற்கு, அவள் சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவரை அவள் தன் வாக்கால் வீட்டுக்கு அனுப்பக்கூடியவளாகவும் இருக்க வேண்டும்.

இதில் கொழும்புக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. எங்கள் நகரம் 37 சதுர கிலோமீற்றர்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அவர்களுக்கு மாநகர சபையில் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். கணக்குப் பார்த்தால் ஐயாயிரம் பேருக்கு ஒருவர். 426 சதுர கிலோமீற்றராக விரிந்து கிடக்கும் சென்னை மாநகராட்சியில் 200 கவுன்சிலர்கள். 2011 கணக்கெடுப்பின்படியே ஒருவர் தலையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நல்ல கவுன்சிலர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் முப்பதாயிரம் பேரில் எத்தனை பேருடைய படிக்கட்டில் அவர் ஏறி இறங்க முடியும்? பெருநகரத்தோடு சிறுநகரத்தை ஒப்பிடுவது நியாயமா என்று அந்தப் பொறியியலாளர் கேட்கலாம். பெருநகரம் ஆனதும் பொறுப்பு மெலிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது என் பதில்.

சொற்களே ஆளுக்கொரு விதமாக இருக்கின்றன. நாங்கள் தொடர்மாடி என்பதை அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எழுதுகிறார்கள். பேச்சில் ‘போர்டு வீடு’. எங்கள் ஆணையாளர் அங்கே ஆணையர். எங்கள் வயதானவர்கள் இன்றும் சோலைவரி என்று சொல்வது அங்கே சொத்து வரி. வீட்டுக்கு நாங்கள் ‘உறுதி’ கேட்டு அலைவோம், அவர்கள் ‘கிரயப் பத்திரம்’ கேட்டு அலைகிறார்கள். எங்களுக்கு அதிகார சபை, அவர்களுக்கு வாரியம். ஒதுக்கீட்டு ஆணை, பயனாளி பங்களிப்புத் தொகை என்றெல்லாம் அங்கே வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்கூடத் தடங்கலின்றிச் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அரசாங்கம் அவர்களோடு அவர்கள் பாஷையில் பேசுகிறது. இதை நான் பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கள் வரலாறு. ரணசிங்க பிரேமதாச வாழைத்தோட்டத்துப் பிள்ளை. 1950இல் கொழும்பு மாநகர சபை உறுப்பினரானார், 1955இல் பிரதி மேயரானார். கான் அடைப்பும் பொதுக் குழாயடிச் சண்டையும் என்னவென்று தெரிந்துகொண்டு மேலே போன ஆள். அவருடைய அரசியலின் மற்றப் பக்கங்களைப் பற்றி ஒரு தமிழனாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது வேறு கட்டுரை. வீட்டு விஷயத்தில் அவர் கொடுத்ததை மறைக்க மாட்டேன். 1977இல் உள்ளூராட்சி, வீடமைப்பு அமைச்சை எடுத்தவர், 1978இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் தொடங்கினார். தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979இல் வந்தது. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தியதே அவர் வைத்த யோசனையின் பேரில்தான்.

அந்தப் பெரிய திட்டங்களைவிட என் மனதுக்கு நெருக்கமானது அதே காலத்தில் மாநகர சபை செய்த ஒரு சின்னக் காரியம். 1979 முதல், யுனிசெப் உதவியோடு, சபையின் பொதுச் சுகாதாரப் பகுதி தோட்டங்களில் சமுதாய அபிவிருத்தி மன்றங்களை அமைத்தது. (தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல, கொழும்பில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் முடுக்குகளைத்தான் அப்படிச் சொல்வோம்.) எந்தத் தண்ணீர்க் குழாய் எங்கே வேண்டும், பொது மலசலகூடம் யாருடைய வாசலுக்கு முன்னால் வரக்கூடாது என்பதையெல்லாம் அங்கே வசிப்பவர்களே கூடி முடிவுசெய்தார்கள். மன்றத்தில் தீராதது வட்டார மட்டத்துக்குப் போகும். அங்கும் தீராதது மேயர் தலைமை தாங்கும் வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழுவுக்குப் போகும். அந்த மேசையில் வீடமைப்பு அதிகார சபைக்காரர் இருப்பார், தண்ணீர்க்காரர் இருப்பார். ‘அது எங்கள் பகுதி இல்லை’ என்று ஒருவர் சொன்னால் பக்கத்திலேயே அந்தப் பகுதிக்காரர் உட்கார்ந்திருப்பார். கையை விரித்துவிட்டுப் போக வழியில்லை.

அதிலிருந்து இன்னொன்று முளைத்தது. வனாத்தமுல்ல போன்ற இடங்களில் கான் கட்டவும் பாதை போடவும் வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் வேலையை அங்குள்ள மன்றத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். சமுதாய ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தன் வாசலுக்கு முன்னால் தானே போட்ட சீமெந்தில் கலப்படம் செய்ய எவருக்கும் மனம் வராது. இந்த முறை பின்னாளில் ஆசியாவின் வேறு நாடுகளுக்கும் போனது. இதைச் சொல்லும்போது எனக்கு வரும் பெருமிதத்தை நான் அடக்கப் போவதில்லை. உலகம் எங்களிடமிருந்து கற்றுக்கொண்ட காரியங்கள் அதிகமில்லை; இது அவற்றில் ஒன்று.

சென்னையில் கதை வேறு விதமாகப் போயிருக்கிறது. 1970இல் கலைஞர் கருணாநிதியின் அரசு குடிசை மாற்று வாரியத்தை உருவாக்கியது, அடுத்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. நோக்கம் உயர்ந்தது. நகரத்தின் நடுவிலேயே, குடிசை இருந்த இடத்திலேயே, ஏழைகளுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். மெரினாவை ஒட்டிய கரையில் மீனவர்களுக்காக எழுந்த கட்டடங்களைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் அந்த நாளிலிருந்து ஏழையின் வீடு மாநில அரசின் சொத்தாகிவிட்டது. மாநகராட்சிக்கு அதில் சொல்லில்லை. மூன்றே ஆண்டுகளில், 1973இல், மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி மாநகராட்சி மன்றத்தையே கலைத்தார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கவுன்சிலர் என்ற ஒருவரைப் பார்க்காமலேயே வாரிய வீடுகளில் பிறந்து வளர்ந்து வாக்குரிமையும் பெற்றுவிட்டார்கள். பிறகு 2016 முதல் 2022 வரை மறுபடியும் மன்றம் இல்லை.

இதற்கிடையே 1992இல் இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் வந்தது. நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க பணிகளின் பட்டியலில் குடிசைப் பகுதி மேம்பாடும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது எழுதியபடியே இருக்கிறது. வாரியம் மாநில அரசிடமே இருக்கிறது. 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரில் குடிசை போய்விட்டது. 1971இல் 1,202 குடிசைப் பகுதிகளைச் சட்டப்படி அறிவித்தார்கள், 1985இல் இன்னும் 17. அதன்பிறகு பல பத்தாண்டுகளாகப் புதிதாக எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டியலில் இல்லாத குடிசைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. கொழும்பில் 2001ஆம் ஆண்டளவில் மாநகர சபையே சேவநாத என்ற தன்னார்வ நிறுவனத்தோடு சேர்ந்து தெருத்தெருவாக எண்ணியது: 1,614 குடியிருப்புகள், 77,000க்கு மேற்பட்ட குடும்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நன்றாக மேம்பட்டுவிட்டன என்பதும் அந்தக் கணக்கில் வந்தது. வாக்குக் கேட்டு வர வேண்டிய சபை எண்ணினால், ஒருவரை விட்டுவிட்டு எண்ண முடியாது.

சென்னையில் தங்கியிருந்தபோது தெற்குப் புறநகரில் உள்ள வாரியக் குடியிருப்பு ஒன்றுக்கு உறவினர் ஒருவரோடு போயிருந்தேன். நல்ல வெயில் நேரம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“அக்கா, படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?”

“ஆபீஸ்ல சொல்வோம்ணா. எழுதிக்குவாங்க.”

“கவுன்சிலரிடம் சொல்வதில்லையா?”

“அவரு ரோட்டுக்குத்தாங்க. பில்டிங்குக்கு அவரு கிடையாது.”

அவர் சலித்துக்கொள்ளவில்லை. வெயில் சுடும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். இங்கே கொண்டுவரப்படுவதற்கு முன், கூவத்தின் சிந்தாதிரிப்பேட்டைக் கரையில் இருந்தபோது எப்படி என்று கேட்டேன். “அங்க வட்டச் செயலாளர் இருந்தாரு, எம்.எல்.ஏ. வீடு பக்கத்துலயே. கூட்டமா போய் நிப்போம்” என்றார். அந்த ஒரு பிற்பகலில் எனக்குக் கேட்கக் கிடைத்தவற்றில் மறக்க முடியாதது அதுதான். கூட்டமாகப் போய் நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். கூவம் கரையிலிருந்தும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலிருந்தும் 2000ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இருபது கிலோமீற்றருக்கு அப்பால் கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனபோது அந்த வாசல் போய்விட்டது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அவை கட்டப்பட்ட நிலம் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதி. சென்னைக்குள் வாக்காளர்களாக இருந்தவர்கள் ஒரே லொறிப் பயணத்தில் ஊராட்சிவாசிகள் ஆனார்கள். வாக்குச் சீட்டு கைமாறியது. அந்தச் சீட்டைப் பெற்ற ஊராட்சி மன்றத்துக்கோ எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் எந்த அதிகாரமும் இல்லை.

எங்களை அப்படித் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. தெமட்டகொடை, மட்டக்குளி, முகத்துவாரம், வனாத்தமுல்ல என்று பெரும்பாலும் நகரத்துக்குள்ளேயே கட்டினார்கள். கொம்பனித்தெருவில் வீடிழந்தவர் முகத்துவாரத்துக்குப் போனாலும் அதே மாநகர சபையின் வாக்காளராகவே இருந்தார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ்ஸில் போய்விடலாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மேல் சொல்லப் போவது எங்களுக்கு அவ்வளவு பெருமை தருவதல்ல.

யுத்தம் முடிந்த மறுவருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழே கொண்டுவந்தார்கள். நகரத்தில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருப்பதாகச் சொல்லி, அவற்றை உயர்மாடிகளுக்கு மாற்றும் திட்டம் அங்கிருந்து புறப்பட்டது. அந்த வருடம் மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகளை உடைக்கப் படையினரும் பொலிஸாரும் வந்து நின்றார்கள். ஜூன் மாதம் மாநகர சபை கலைக்கப்பட்டு விசேட ஆணையாளர் ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டது. 2011 ஒக்டோபர் தேர்தல் வரை எம்எம்சியும் இல்லை, மேயரும் இல்லை. புதிய உயர்மாடி வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபாவை மாதாமாதம் பல வருடங்களுக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். உறுதி வைத்திருந்த சொந்த வீட்டிலிருந்து எழுப்பப்பட்டவர்களிடமும் அதே கணக்கு. சமுதாய ஒப்பந்தத்தில் தங்கள் கையால் கான் கட்டிய வனாத்தமுல்லயிலேயே அந்த உயர்மாடிகள் எழுந்தன. இராணுவச் சீருடைக்கு முன்னால் எந்த நானா உரிமையோடு ஏச முடியும்?

அண்மையிலும் இதே கதைதான். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. காசில்லை என்று தேர்தலை நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே மாதம்தான் வாக்களித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். எங்கள் படிக்கட்டில் அந்த நாட்களில் யார் ஏறி வந்தார் என்று கேட்டால், பதவி முடிந்த பழைய எம்எம்சிகூட வந்தார். அவருக்கு அடுத்த தேர்தலில் ஆசை இருந்தது. ஆணையாளருக்கு அந்த ஆசை இருக்க வேண்டிய அவசியமில்லை.

சென்னைப் பொறியியலாளர் சொன்ன சுவர்க் காரையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 2021 ஓகஸ்ட்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய கிட்டத்தட்ட இரண்டாயிரம் வீடுகளில் சுவரைக் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்வதைக் குடியிருப்பவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். சில நாட்களுக்குள் அது சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டது, அமைச்சர் தா.மோ. அன்பரசன் பதில் சொன்னார், பொறியாளர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், தரத்தைச் சோதிக்க சென்னை ஐ.ஐ.டி.யை அழைத்தார்கள். இந்த வேகத்தை எங்கள் நாட்டில் நான் கண்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது வாரியத்தின் கொள்கை விளக்கக் குறிப்பைச் சபையில் வைக்கிறார்கள். எத்தனை வீடு, எவ்வளவு செலவு என்று யாரும் எடுத்துப் படிக்கலாம். அதுவும் நல்ல வழக்கம். ஆனால் கே.பி. பூங்கா வீடுகள் கட்டப்பட்டது முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தியவர்களின் குற்றத்தைக் கேட்பது எந்த அரசுக்கும் இலகு. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் அந்தக் காரை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கண்டு அங்கிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால், பக்கத்தில் இருந்தவர்கள் அவர்களை வெளியேறச் சொன்னதால். சட்டமன்றம் அங்கே பிறகுதான் போனது.

எங்களிடம் மீதொட்டமுல்ல நடந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பை மலை சரிந்து 32 பேர் புதையுண்டார்கள். குப்பை கொழும்பு மாநகர சபையுடையது, நிலம் கொலன்னாவைப் பகுதி. செத்தவர்கள் எங்கள் சபைக்கு வாக்களிக்காதவர்கள். யார் பொறுப்பு என்று ஆளையாள் கைகாட்டினார்கள். வீடிழந்தவர்களுக்கு உயர்மாடிகளில் வீடு கொடுத்தார்கள். வாக்குரிமையின் எல்லையும் பொறுப்பின் எல்லையும் விலகினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரும்பாக்கத்தைவிடக் கொடிய சாட்சி எங்களிடமே இருக்கிறது. இதை மறைத்துவிட்டுக் கொழும்பைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

இனி, பிறகு சொல்கிறேன் என்று விட்டுவைத்த மொழி விஷயம். எங்கள் உயர்மாடிகளுக்கு சஹஸ்புர, சிறிசர உயன, மெத்சர உயன என்று பெயர். உள்ளே போனால் தமிழும் கேட்கும், சிங்களமும் கேட்கும். மாலையில் பாங்கும் கேட்கும். பெயர்ப்பலகையின் மொழி ஒன்றுதான். அயல்வீட்டு விதவைப் பெண் ஒருவருக்கு வீட்டுக் கொடுப்பனவு பற்றி வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. என்னிடம் கொண்டுவந்தார், எனக்கும் பாதிதான் புரிந்தது, நானாவின் மகள் வாசித்துச் சொன்னாள். பதினான்கு நாட்களுக்குள் பதில் தரவேண்டுமாம், அதில் ஒன்பது நாள் போய்விட்டது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. சென்னையில் அந்த மாவு விற்கும் பெண் தன் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துக் காட்டியபோது, அதைத் தமிழில் வரிக்கு வரி என்னால் வாசிக்க முடிந்தபோது, எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த ஒன்றில் அவர்கள் எங்களைவிட எவ்வளவோ மேலே இருக்கிறார்கள்.

ஆனால் தமிழில் ஆணை கிடைத்தும் அவர்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கிறார்கள். கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள். கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. எங்கள் படிக்கட்டின் எட்டு வீட்டில் மூன்று மதமும் இரண்டு மொழியும் உண்டு. நோன்புக் கஞ்சி மேலே ஏறும், பொங்கல் கீழே இறங்கும், வெசாக் கூட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஈர்க்குச்சி ஒடிப்பார்கள். 1983 கலவரத்தில் கீழ்வீட்டுக் குடும்பம்தான் எங்கள் வீட்டு வாசலில் காவலாக நின்றது. அந்தக் கலப்பை எந்த அதிகார சபையும் திட்டமிட்டுத் தரவில்லை. நகரத்துக்குள்ளே வீடு இருந்ததால் தானாக வந்தது.

சாதி எங்களிடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்டி மஹியாவவுக்குப் போனால் தெரியும். நகரத்தைச் சுத்தம் செய்ய வெள்ளைக்காரன் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் மாநகர சபைக் குடியிருப்பில் வாழ்கிறார்கள். அங்கே சபைதான் முதலாளி, சபைதான் வீட்டுக்காரன். வீட்டில் ஒருவராவது சபை வேலையில் தொடர்ந்தால்தான் கூரை நிலைக்கும் என்ற பயத்தில் பிள்ளை அடுத்த தலைமுறைக்கும் துடைப்பத்தைத் தூக்குகிறான். சென்னையில் 2025 ஓகஸ்ட்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு முன்னால் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு மஹியாவதான் ஞாபகம் வந்தது. இரண்டு கரையிலும் ஒரே மக்கள். மலையகத்திலோ இதைவிட மோசம்: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்ந்தவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையால் அந்த லயன்களுக்குத் தன் நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. வாக்கு வாங்கலாம், கான் வெட்டக்கூடாது! எங்கள் சட்டத்தில் இருந்த இந்த அநியாயத்துக்கு ஒப்பாக ஒன்றைத் தமிழ்நாட்டில் நான் கேள்விப்படவில்லை.

உரிமைப் பத்திரம் என்று வந்தால் இரண்டு நாட்டு அரசியல்வாதிகளும் சகோதரர்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் நகரத்துத் தொடர்மாடிகளின் ஐம்பதாயிரம் குடும்பங்களுக்கு வாடகையை நீக்கி உரிமை தருவதாக அறிவித்தார்கள். அந்த வருடமே ஜனாதிபதித் தேர்தலும் வந்தது. தமிழ்நாட்டிலும் கிரயப் பத்திரம் மேடையில் வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. வாங்குகிறவர்கள் வாங்கட்டும், உரிமை அவர்களுடையது. ஆனால் வீடு சொந்தமான மறுநாளே ‘இனி லிப்டும் உன்னுடையது, தண்ணீர்த் தாங்கியும் உன்னுடையது’ என்று அதிகார சபை ஒதுங்கிக்கொள்கிறது. பன்னிரண்டு மாடிக்கு லிப்ட் திருத்தும் செலவைக் கூலி வேலை செய்கிறவர்களால் பகிர முடியுமா? இந்த இடத்தில் தமிழ்நாடு ஒரு வழி கண்டிருக்கிறது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்குச் சேர்க்கும் தொகைக்குச் சமமான தொகையை அரசும் போடுகிறது. இதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கூச்சப்படத் தேவையில்லை. சமுதாய ஒப்பந்தத்தை நாங்கள் கொடுத்தோம், இதை வாங்கிக்கொள்வோம். அங்கே பகுதி சபைகளும் 2022 நவம்பர் முதல் கூடத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கூட்டங்களில் வாரியக் கட்டடத்தைப் பற்றியும் கேட்டுப் பதில்பெறும் நாள் வந்தால், அந்த மாவு விற்கும் அக்காவுக்கும் கவுன்சிலர் ரோட்டோடு நிற்க மாட்டார்.

கொழும்பில் 2025 ஜூன் முதல் தெரிவான சபை ஒன்று மறுபடி உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கட்சி என்பதில் எனக்கு அக்கறையில்லை. நான் எங்கள் புதிய எம்எம்சியிடம் கேட்டது ஒன்றுதான். மேயர் தலைமையில் இருந்த அந்த வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழுவை மறுபடி கூட்டுங்கள். வீடமைப்பு அதிகார சபையையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையையும் அதே மேசைக்குக் கூப்பிடுங்கள். தொடர்மாடிகளிலிருந்து வரும் முறைப்பாடுகளையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் மூன்று மொழியிலும் மாதந்தோறும் சபையில் வையுங்கள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் குழு அமைக்க ஏற்கெனவே இடமிருக்கிறது. பாராளுமன்றம் போக வேண்டியதில்லை, அமைச்சரின் கையெழுத்தும் வேண்டியதில்லை. மேயர் ஒரு திகதியைக் குறித்தால் போதும்.